இயேசுதான் மேசியா என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

கேள்வி இதுதான்: "பழைய ஏற்பாட்டில் வாக்களிக்கப்பட்ட மேசியா இயேசுதான் என்று கிறிஸ்தவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதே நூலைக் காலங்காலமாகப் படித்துவரும் யூதர்கள் ஏன் அதை ஏற்கவில்லை?"

நான் பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. சபையில் இருக்கிறவன். திருநெல்வேலிப் பக்கம். சிறு வயதில் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. ஓய்வுநாள் பாடசாலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. பெத்லகேமில் பிறப்பார்: மீகா 5:2. கழுதையின்மேல் ஏறி வருவார்: சகரியா 9:9. முப்பது வெள்ளிக்காசு: சகரியா 11:12. உடைக்குச் சீட்டுப் போடுவார்கள்: சங்கீதம் 22:18. இப்படிச் சொல்லிக்கொண்டே போவேன். உபதேசியார் தலையில் தட்டிக்கொடுத்து ஒரு பென்சில் பரிசு தருவார்.

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் ஒருவன் அந்தப் பட்டியலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நிறைவேறிடுச்சுன்னு எழுதினதும் உங்க ஆளுங்கதானே? பழைய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கலாமே" என்றான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்புறம் பல வருடம் அதையே சுற்றிச் சுற்றிப் படித்தேன். நான் போய்ச் சேர்ந்த இடம் இது: முதல் சீஷர்கள் பட்டியலைச் சரிபார்த்து இயேசுவை மேசியா என்று முடிவு செய்யவில்லை. அவர்கள் கையில் இருந்த பட்டியல்படி பார்த்தால் அவர் தோற்றுப்போனவர். அதற்குப் பிறகும் "இவர்தான்" என்று அவர்களைச் சொல்லவைத்தது எது என்பதுதான் கேள்வியே.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். எபிரேயத்தில் மாஷியாக். எண்ணெய் பூசப்பட்டவர் என்று பொருள். அதையே கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ் என்றார்கள். நம் வேதாகமத்தில் "மேசியா என்பதற்குக் கிறிஸ்து என்று அர்த்தமாம்" என்று யோவான் சுவிசேஷத்தில் ஒரு வரி வருமே, அது இதைத்தான் சொல்கிறது. ஆக, கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயர் இல்லை, ஒரு பதவி. இஸ்ரவேலில் ஒருவரை ராஜாவாகவோ ஆசாரியனாகவோ ஏற்படுத்தும்போது தலையில் எண்ணெய் வார்ப்பார்கள். சாமுவேல் பெத்லகேமுக்குப் போய், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பையனை அழைத்துவரச் சொல்லி, கொம்பிலிருந்த தைலத்தை அவன் தலையில் வார்த்த கதை நமக்குத் தெரியும். அந்தத் தாவீது ஒரு மாஷியாக். அவனுக்கு முன்பிருந்த சவுலும் மாஷியாக்தான். யூதனே இல்லாத பாரசீக ராஜா கோரேசையும் ஏசாயா 45-ஆம் அதிகாரம் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவன் என்கிறது. சிறுவயதில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. பின்னாளில் படித்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகக்கூட இருந்தது.

அப்படியானால் வரப்போகும் ஒரே மேசியா என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? உடைந்த ஒரு சிங்காசனத்திலிருந்து. தாவீதின் வம்சமும் அவன் ராஜ்யமும் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று நாத்தான் தீர்க்கதரிசி மூலமாகக் கடவுள் வாக்குக் கொடுத்ததாக 2 சாமுவேல் 7 சொல்கிறது. கி.மு. 586-இல் பாபிலோன் படை எருசலேமை இடித்தது. தாவீது வம்சத்தின் கடைசி ராஜாவான சிதேக்கியாவின் கண்ணெதிரே அவன் பிள்ளைகளை வெட்டினார்கள். அடுத்து அவன் கண்களைக் குருடாக்கி, விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது தன் பிள்ளைகளின் சாவை. அந்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒரு ஜனம் ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் காத்திருந்தது. ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்று ஏசாயா 11 சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் அதன் வலி புரியும். வெட்டிப்போட்ட மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் நம்பிக்கை அது.

இயேசுவின் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி ஆளை எதிர்பார்த்திருக்கவில்லை. சாக்கடல் ஓரம் கும்ரான் என்ற இடத்தில் இருந்த யூதக் குழுவினர் இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்ததாக அவர்களுடைய சுருளே சொல்கிறது. ஒருவர் ஆரோனின் வழியில் வரும் ஆசாரியர், மற்றவர் இஸ்ரவேலின் ராஜா. ஊர்ப்புறத்து மக்களுக்கோ, ரோமனை விரட்டும் ஒருவன் வந்தால் போதும். கி.பி. 6-இல் குடிமதிப்பு எழுத வந்தபோது கலிலேயனாகிய யூதாஸ் கலகம் செய்தான். 132-இல் சீமோன் என்பவன் பெரிய கலகத்தை நடத்தினான். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ரபியான, அதாவது யூத வேத ஆசிரியரான அகிபாவே அவனை மேசியா என்று அறிவித்து, பார் கோக்பா, அதாவது நட்சத்திரத்தின் மகன் என்று அழைத்தார். 135-இல் பெத்தார் கோட்டை விழுந்தது. பார் கோக்பா செத்தான். அத்தோடு அவன் மேசியா என்ற பேச்சும் முடிந்தது.

இதைக் கவனியுங்கள். செத்துப்போன மேசியா மேசியா இல்லை. அன்றைய கணக்கு அவ்வளவுதான். அதிலும் சிலுவையில் சாவது இன்னும் மோசம். மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21 சொல்கிறது. இயேசுவின் தலைக்கு மேலே "யூதருடைய ராஜா" என்று ரோமர்கள் பலகை எழுதி மாட்டியதே, எங்களுக்கு எதிராக ராஜாவாகக் கிளம்புகிறவன் கதி இதுதான் என்று ஊருக்குக் காட்டத்தான்.

தலைவன் கொல்லப்பட்டால் கூட்டத்துக்கு இரண்டே வழி. வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அந்தக் குடும்பத்திலேயே வேறு ஒருவனைப் பிடிக்கலாம். கலிலேயனாகிய யூதாஸின் பிள்ளைகள் இருவரைப் பிற்பாடு ரோமர்கள் சிலுவையில் அறைந்தார்கள்; கலகம் தகப்பனோடு நிற்கவில்லை. இயேசுவுக்கும் யாக்கோபு என்ற சகோதரர் இருந்தார். எருசலேம் சபையின் தலைவரே அவர்தான். நல்ல பெயரும் இருந்தது. 62-இல் அவரைக் கல்லெறிந்து கொன்றதை எழுதும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்" என்றுதான் அவரை அடையாளம் காட்டுகிறார். பல ஆண்டு எல்லோரும் மதித்த தலைவராக இருந்தும் யாக்கோபை ஒருவரும் மேசியா என்று சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அந்த இடம் காலியாக இல்லை. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது.

லூக்கா 24-இல் எம்மாவுக்குப் போகும் இருவர் வழியில் சேர்ந்துகொண்ட அந்நியரிடம் சொல்வதைப் பாருங்கள்: "அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்." நம்புகிறோம் என்று சொல்லவில்லை. நம்பியிருந்தோம். கதை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகிறார்கள். தன் இயக்கத்தின் பெருமையைப் பாட நினைக்கிறவன் இப்படி ஒரு வரியை எழுதுவானா? பேதுருவும் அப்படித்தான். எர்மோன் மலையடியில் பிலிப்புச் செசரியா பக்கம் "நீர் கிறிஸ்து" என்று சரியான விடையைச் சொன்னவர், தாம் கொல்லப்படப்போவதை இயேசு சொன்னதுமே அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். விடை சரி, ஆனால் அதன் பொருள் பேதுருவுக்குப் புரியவே இல்லை.

ஆகவே என் அறைத்தோழனுக்கு இன்று நான் சொல்லக்கூடியது இதுதான். அவர் உயிர்த்தெழுந்தார் என்ற நம்பிக்கைதான் முதலில் வந்தது. வேதத்தை அவர்கள் திரும்பப் படித்தது அதற்குப் பிறகு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரத்தில், தனக்குச் சொல்லப்பட்டதைத் தானும் சொல்வதாக ஒரு வரிசையைத் தருகிறார்: கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கு, ஐந்நூறு பேருக்கு மேல், யாக்கோபுக்கு, கடைசியில் எனக்கு. இயேசு மரித்துச் சுமார் இருபத்தைந்து ஆண்டுக்குள் எழுதப்பட்ட கடிதம் அது. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். இதைக் கணக்குப்போல நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது. நான் அதை நம்புகிறேன். என் விசுவாசம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அது நடக்கவில்லை என்றால் மீகாவையும் சகரியாவையும் எத்தனை முறை காட்டினாலும் பிரயோஜனமில்லை.

அப்படித் திரும்பப் படித்தபோது அவர்கள் முன்னால் பளிச்சென்று நின்றது ஏசாயா 53. "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்." பெரிய வெள்ளி ஆராதனையில் இதை வாசிக்கும்போது எங்கள் கோயிலில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடாது. இது கிறிஸ்தவர்கள் பிற்பாடு சேர்த்த பகுதி இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமென்றால், 1947-இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இருக்கிறது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள். இயேசு பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்னால் எழுதியது. அதில் இந்தப் பகுதி முழுவதுமாக இருக்கிறது. இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பாடுபடும் தாசன் யார்? பெரும்பாலான யூதர்கள், அது இஸ்ரவேல் ஜனம் என்கிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற பெரிய உரையாசிரியர் அப்படித்தான் உரை எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே யூதர்கள் தன்னிடம் இப்படிச் சொன்னதாகக் கிறிஸ்தவரான ஓரிகன் எழுதியிருக்கிறார். இதைச் சப்பைக்கட்டு என்று சிலர் மேடையில் ஏளனம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் அதே ஏசாயா 49:3-இல் கடவுள், "நீ என் தாசன், இஸ்ரவேலே" என்று நேராகவே சொல்கிறார். அவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அப்போஸ்தலர் 8-இல் ரதத்தில் உட்கார்ந்து இதே பகுதியை வாசித்த எத்தியோப்பிய மந்திரிக்கும் அதே சந்தேகம்தான்: தீர்க்கதரிசி யாரைக் குறித்து இதைச் சொல்கிறார், தம்மைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா? பிலிப்பு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்.

இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம் என்பது என் புரிதல். ராஜா என்பவன் ஜனத்தின் கதையைத் தன் உடம்பில் சுமப்பவன். மத்தேயு இயேசுவைப் பார்த்தது இப்படித்தான். "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்ற ஓசியாவின் வரி வருங்காலத்தைப் பற்றியதே இல்லை; மோசே காலத்து விடுதலையை நினைத்துச் சொன்னது. யூதரான மத்தேயுவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் அதை இயேசுவுக்குப் பொருத்துகிறார். இஸ்ரவேல் எகிப்துக்குப் போய் வந்தது, இவரும் போய் வந்தார். இஸ்ரவேல் நாற்பது வருடம் வனாந்தரத்தில் இருந்தது, இவர் நாற்பது நாள் இருந்தார். ஒரு ஜனத்தின் முழுக்கதையும் ஒரு மனிதனில் திரும்ப நடக்கிறது, இந்த முறை கீழ்ப்படிதலோடு நடக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள் என்ற ஏசாயா 7:14-ம் அப்படியே. அது முதலில் ஆகாஸ் ராஜாவின் காலத்துக்குச் சொன்னது. எபிரேயத்தில் இருக்கும் அல்மா என்ற சொல் இளம்பெண்ணைக் குறிக்கும். இதை ஒத்துக்கொள்வதால் என் விசுவாசத்தில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. சோதிடக் குறிப்புபோல வசனத்துக்கு ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் பழக்கம்தான் போயிற்று. அது போனது நல்லதுக்கே.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. யூதர்கள் ஏன் ஏற்கவில்லை? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதிலைச் சொன்னவர் நக்மானிதேஸ் என்ற ரபி. 1263-இல் பார்சிலோனாவில், அரகான் ராஜா முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய பாப்லோ என்ற துறவியோடு வாதம் செய்யும்படி அவரைக் கூப்பிட்டார்கள். மேசியா வந்தால் ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுக்காது என்று தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறாரே, இயேசுவின் காலத்திலிருந்து இன்றுவரை உலகம் வன்முறையால்தானே நிறைந்திருக்கிறது என்று அவர் கேட்டார். ராஜாவின் முகத்துக்கு நேராக இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். பின்னால் தன் தரப்பை எழுதி வெளியிட்டதற்காக வழக்குப் போட்டார்கள்; வயதான காலத்தில் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. அவருக்கு முந்தைய தலைமுறையில் மைமோனிதேசும் சட்டமாகவே எழுதிவைத்தார்: மேசியா ஆலயத்தைக் கட்டுவார், சிதறிப்போன இஸ்ரவேலைக் கூட்டிச் சேர்ப்பார்; ஒருவர் இதைச் செய்து முடிக்காமல் கொல்லப்பட்டால் அவர் வாக்களிக்கப்பட்டவர் இல்லை.

இதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் பதில் இரண்டு வருகை. முதலில் பாடுபட வந்தார், மறுபடி ராஜாவாக வருவார். நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் பாதி வாக்கு இன்னும் நிறைவேறாமல் இருக்கிறது என்று நாமே ஒத்துக்கொள்வதுதானே அது? ஓநாயும் ஆட்டுக்குட்டியும் இன்னும் சேர்ந்து படுக்கவில்லை. அந்தப் பாதியைச் சுட்டிக்காட்டியவர்களைக் கிறிஸ்தவ தேசங்கள் எப்படி நடத்தின என்பதும் எனக்குத் தெரியும். குடியிருப்பைச் சுவர் வைத்து அடைத்தார்கள், நாடு கடத்தினார்கள், ஈஸ்டர் வாரத்தில் தெருவில் இழுத்து அடித்தார்கள். இயேசுவைக் கொன்ற குற்றத்தை யூதர்கள் எல்லோர்மேலும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒரு சங்கத்தைக் கூட்டி எழுதிவைக்க 1965 ஆயிற்று. சமாதானப் பிரபு வந்துவிட்டார் என்று சொன்னவர்கள் கையிலேயே பட்டயத்தைப் பார்த்த ஒரு ஜனம், அவர் இன்னும் வரவில்லை என்று சொன்னால் அவர்களோடு சண்டை போட எனக்கு வாய் வராது. தேவன் தம்முடைய ஜனத்தைத் தள்ளிவிடவில்லை என்று ரோமர் 11-இல் பவுல் எழுதியதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூத்தில் ஒரு கதை உண்டு. மேசியாவை எங்கே பார்க்கலாம் என்று யோசுவா பென் லேவி என்ற ரபி எலியாவிடம் கேட்கிறார். ரோமாபுரியின் வாசலில், நோயாளிகளான ஏழைகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்கிறார் எலியா. எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் எல்லாப் புண்ணின் கட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டுவார், திடீரென்று அழைப்பு வந்தால் தாமதமாகிவிடக்கூடாதே என்று. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என் ஆண்டவரை நான் எங்கே தேடுகிறேனோ, அதே இடத்தில் அவர்களும் தேடுகிறார்கள்.

கடைசியாக என் சொந்தக் காரணம். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று வருடம் டயாலிசிஸ் நடந்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். நான் கூடப் போகும் நாளில் வேதம் வாசிக்கச் சொல்வார். ஒரு நாள் மத்தேயு 11 வந்தது. யோவான் ஸ்நானகன் சிறையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" சாக்கடலுக்குக் கிழக்கே மகேரு கோட்டையில் அவரை அடைத்திருந்ததாக யோசேபஸ் எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் இவருக்காகவே வழியை ஆயத்தம்பண்ணின மனிதர், கடைசியில் நீர்தானா என்று கேட்கிறார். இயேசு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், செவிடர் கேட்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று போய்ச் சொல்லுங்கள் என்கிறார். பெரும்பாலும் ஏசாயாவின் வார்த்தைகள்.

அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "ஏசாயா அறுபத்தொண்ணுல சிறைக்கதவும் இருக்கு ஐயா. நாசரேத்து ஜெபாலயத்துல வாசிக்கும்போது அதையும் சேர்த்துத்தான் வாசிச்சார். யோவானுக்குச் சொல்லி அனுப்பும்போது அதை மட்டும் விட்டுட்டார், பாத்தியா?"

நான் அதுவரை கவனித்ததே இல்லை. யோவான் அந்தச் சிறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பாவுக்கும் அது தெரியும். எங்கள் ஜெபங்களும் அதுவரை அவர் சிறுநீரகத்தைச் சரியாக்கவில்லை. சங்கடமாகப் போய், புத்தகத்தை மூடப் போனேன்.

"மூடாதே. அந்த ஆளுங்க திரும்பிப் போனப்புறம் இயேசு என்ன சொன்னார்னு வாசி."

வாசித்தேன். ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவான் ஸ்நானகனைவிடப் பெரியவன் ஒருவனும் எழும்பினதில்லை.

"நீர்தானான்னு கேட்டவனைப் பத்தி, கேட்ட அன்னைக்கே சொன்னது," என்றார் அப்பா. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நான் முடிப்பதற்குள் ஊசியைக் கழற்ற நர்ஸ் வந்துவிட்டார். அப்பா கையை நீட்டிக்கொண்டே, நீ நிறுத்தாமல் வாசி என்பதுபோல் தலையை ஆட்டினார்.